அண்ணாச்சி பதில்கள்: துரத்திப் போனவருக்குத் தற்காப்பு உண்டா?

போன இதழில் அமெரிக்கத் துப்பாக்கிகள் பற்றி ஒரு வாசகர் கேட்டதற்குப் பதில் எழுதும்போது, ஃபுளோரிடாவில் 2012-ல் ட்ரேவான் மார்ட்டின் என்ற கறுப்பினப் பையன் சுட்டுக் கொல்லப்பட்டதையும், சுட்டவர் விடுதலையானதையும் நாலு வரியில் சொல்லி, அது அநியாயம் என்று முடித்திருந்தேன். அந்த நாலு வரிக்குத் திருநெல்வேலி, தென்காசிப் பக்கமிருந்து கேள்விகள் குவிந்துவிட்டன. திட்டி எழுதியவர்களும் உண்டு. அதனால் இந்த வாரம் முழுக்க இதுதான்.

அண்ணாச்சி, என் மச்சான் அட்லாண்டாவில் இருக்கிறார். "அந்தப் பையன் மேலே ஏறி அடித்தான், அவர் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளச் சுட்டார், கோர்ட்டே விட்டுவிட்டது, அப்புறம் என்ன பேச்சு" என்கிறார். நீங்கள் எப்படி அநியாயம் என்று எழுதலாம்?
– வாசகர், வீரவநல்லூர்

தம்பி, உங்கள் மச்சான் சொல்வதில் உண்மை இருக்கிறது. சுட்டவர் ஜார்ஜ் சிம்மர்மன். அவருக்கு மூக்கில் அடிபட்டிருந்தது, பின்மண்டையில் காயம் இருந்தது, இதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் மச்சான் கதையைக் கடைசி நிமிஷத்திலிருந்து ஆரம்பிக்கிறார். நான் முதலிலிருந்து சொல்கிறேன்.

2012 பிப்ரவரி 26, சான்ஃபோர்ட் என்ற ஊர், மழைத் தூறல். 17 வயது ட்ரேவான் கடைக்குப் போய் ஒரு பொட்டலம் மிட்டாயும் ஒரு பழரசமும் வாங்கிக்கொண்டு, அவனும் அப்பாவும் விருந்தாளியாகத் தங்கியிருந்த குடியிருப்புக்குள் நடந்து வருகிறான். தலையை மூடும் தொப்பி வைத்த ஸ்வெட்டர் போட்டிருக்கிறான். சிம்மர்மன் அந்தக் குடியிருப்பின் காவல் குழுவில் தன்னார்வலர், வயது 28, இடுப்பில் துப்பாக்கி. அங்கே ஏற்கெனவே சில வீடுகளில் திருட்டு நடந்திருந்தது. அவர் போலீசுக்குப் போன் போட்டு, இவன் ஏதோ தப்பு பண்ண வந்தவன் மாதிரி இருக்கிறான், மழையில் சும்மா சுற்றிப் பார்த்துக்கொண்டு நடக்கிறான் என்கிறார். இவர்கள் எப்போதும் தப்பித்துவிடுகிறார்கள் என்றும் கெட்ட வார்த்தையோடு சொல்கிறார். அவன் பின்னால் போகிறீர்களா என்று மறுமுனையில் கேட்கிறார்கள். ஆமாம் என்கிறார். நீங்கள் அப்படிச் செய்யத் தேவையில்லை என்கிறார்கள். சில நிமிஷத்தில் கைகலப்பு, ஒரு குண்டு, பையன் செத்துவிட்டான். கையில் ஆயுதம் எதுவும் இல்லை.

அந்தப் பையன் பக்கமிருந்து யோசியுங்கள். ராத்திரி நேரம், யாரென்று தெரியாத ஒரு ஆள் முதலில் காரிலிருந்து பார்க்கிறான், அப்புறம் இறங்கிப் பின்னாலேயே வருகிறான். பயம் அவனுக்கு வராதா? திரும்பி நின்று அடித்திருந்தால் அது அவனுடைய தற்காப்பு ஆகாதா? அவன் உயிரோடு இல்லை, அதனால் இந்தக் கேள்விக்கு கோர்ட்டில் பதில் சொல்ல ஆள் இல்லை. உயிரோடு இருந்தவர் சொன்னது மட்டும் கதையாக நின்றது. என் ஆத்திரம் இதில்தான்.

ஒன்றரை மாதம் வரை கைதே கிடையாது. ஊர் ஊராக ஊர்வலம் போன பிறகு ஏப்ரல் 11-ல்தான் வழக்குப் பதிவாகிக் கைது செய்தார்கள். 2013 ஜூலை 13-ல் ஆறு பெண்கள் கொண்ட ஜூரி, அதாவது தீர்ப்புச் சொல்லப் பொதுமக்களிலிருந்து எடுத்த குழு, குற்றவாளி இல்லை என்றது. அந்த ஜூரியை நான் குறை சொல்லவில்லை. அது தற்காப்பு இல்லை என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டிய பாரம் அங்கே அரசுத் தரப்பின் மேல் இருக்கிறது. ஒருவர் பின்னால் நடந்து போவது சட்டப்படிக் குற்றமும் இல்லை. ஆபத்து வந்தால் பின்வாங்க வேண்டிய அவசியம் இல்லை, நின்ற இடத்திலேயே எதிர்த்து அடிக்கலாம் என்று 2005-ல் ஃபுளோரிடா ஒரு சட்டம் போட்டிருந்தது. வழக்கிலிருந்தே விடுவிக்கச் சொல்லி சிம்மர்மனின் வக்கீல்கள் அதன் கீழ் தனி விசாரணை எதுவும் கேட்கவில்லை, ஆனால் நீதிபதி ஜூரிக்குச் சொன்ன விளக்கத்தில் அந்தச் சட்டத்தின் வாசகமும் இருந்தது. இன்னொன்று, ஆள் சாயலைப் பார்த்து சந்தேகப்பட்டார் என்று அரசுத் தரப்பு சொல்லலாம், இனத்தைப் பார்த்து சந்தேகப்பட்டார் என்று சொல்லக் கூடாது என்று அந்த நீதிமன்றம் ஆரம்பத்திலேயே தடுத்துவிட்டது. சட்டப்படி அவர் விடுதலையானது சரியாக இருக்கலாம். அந்தப் பையன் செத்தது எந்த வகையில் சரி என்று மச்சானிடம் கேளுங்கள்.

சுட்டவர் வெள்ளைக்காரரே கிடையாது என்று படித்தேன். டிவிக்காரர்கள்தான் இதை இனப் பிரச்சினை ஆக்கினார்களாமே?
– வாசகி, பாளையங்கோட்டை

பாதி சரி தாயீ. அவருடைய அம்மா பெரு நாட்டுக்காரர். டிவி செய்த தப்பும் உண்மைதான். என்பிசி அந்தப் போன் பேச்சை வெட்டி ஒட்டிப் போட்டது. பையன் என்ன இனம் என்று போலீஸ் கேட்ட பிறகுதான் கறுப்பினம் மாதிரி இருக்கிறது என்று சிம்மர்மன் சொன்னார். கேள்வியை எடுத்துவிட்டுப் பதிலை மட்டும் ஒட்டினால், அவரே வலியப் போய் இனத்தைச் சொன்னது போல ஆகிவிடும். அது பெரிய பாவம், இறந்துபோன பையனுக்கும் செய்த துரோகம், ஏனென்றால் எல்லாமே ஊடகப் பொய் என்று சொல்ல ஆட்களுக்கு ஒரு சாக்கு கிடைத்துவிட்டது.

ஆனால் சந்தேகப்படுபவர் எந்த இனம் என்பதை வைத்து அந்த சந்தேகம் நியாயமா இல்லையா என்று முடிவு கட்ட முடியாது. நம்ம ஊரையே பாருங்கள். முஸ்லிம்கள் அதிகம் வாழும் மேலப்பாளையம் என்று முகவரி சொன்னதும் வாடகைக்கு வீடு இல்லை என்பவர்கள் திருநெல்வேலிக்காரர்கள்தானே? பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பையனின் ஊர்ப்பெயரையும் கையில் கட்டிய கயிற்றின் நிறத்தையும் பார்த்து ஆளை எடை போடுபவர்களும் நம்மவர்கள்தான். நம் தென் மாவட்டத்துத் தாத்தாக்களைக் கேளுங்கள், ரேகைச் சட்டம் என்று ஒன்று சொல்வார்கள். 1871-ல் வெள்ளைக்காரன் போட்டு, 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்த குற்றப்பரம்பரைச் சட்டம் அது. ஒரு குலத்தில் பிறந்தாலே குற்றவாளி, கைரேகை வைக்க வேண்டும், ராத்திரி போலீசின் கண்ணில் படுகிற இடத்தில் இருக்க வேண்டும். சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் ஒழிந்தது. அந்த வேதனையை வீட்டில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ட்ரேவானின் அப்பா அம்மாவின் வேதனையைப் புரிந்துகொள்ள யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

நம்மூரில் தற்காப்புக்காக ஒருத்தரைக் கொன்றால் தண்டனை உண்டா? தோப்பில் திருட வந்தவனை வெட்டலாமா?
– வாசகர், களக்காடு

முதலில் இரண்டாவது கேள்வி. வெட்டக் கூடாது. வாழைத்தார் போனால் வாழைத்தார்தான் போகிறது. காட்டுப்பன்றிக்கு என்று கரண்டு வேலி போட்டு, அதில் ஆள் செத்த பிறகு, என் பயிரைக் காப்பாற்றினேன் என்று சொல்வதும் செல்லாது.

மற்றபடி தற்காப்பு உரிமை நம் சட்டத்தில் தாராளமாகவே இருக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை, 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை. உயிருக்கு ஆபத்து, கொடுங்காயம், பாலியல் வன்கொடுமை, ஆள் கடத்தல், ஆசிட் வீச்சு, இப்படிப்பட்ட நேரங்களில் எதிராளி உயிரே போனாலும் குற்றம் இல்லை. உயிருக்குப் பயந்தவன் தராசு வைத்து அளந்து அடிக்க முடியாது, ஓடித்தான் ஆக வேண்டும் என்று எதிர்பார்க்கவும் கூடாது என்று 2010-ல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பெண்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

ஆனால் 37-ஆவது பிரிவில் கடிவாளம் இருக்கிறது. தேவைக்கு மேல் அடிக்கக் கூடாது. போலீஸ் உதவியை நாட நேரம் இருந்தால் இந்த உரிமையே கிடையாது. வம்பை ஆரம்பித்தவன், அரிவாளைப் பையில் வைத்துக்கொண்டு தேடிப் போனவன், அப்புறம் தற்காப்பு என்று பேச முடியாது. உரிமை இருந்து, நல்லெண்ணத்தோடு, முன்கூட்டித் திட்டமிடாமல், தேவைக்கு மேல் தீங்கு செய்யும் எண்ணமும் இல்லாமல் எல்லை தாண்டிவிட்டால் கொலை என்பது கொலையாகாத மரண வழக்காகக் குறையலாம், அவ்வளவுதான். சிம்மர்மன் வழக்கு நம் கோர்ட்டில் நடந்திருந்தால், போலீசுக்குப் போன் போட்டுவிட்டு, வேண்டாம் என்றும் கேட்டுவிட்டு, பிறகு ஏன் காரை விட்டு இறங்கினாய் என்ற கேள்வி வழக்கின் நடுவில் வந்து நின்றிருக்கும் என்பது என் எண்ணம்.

ரவுடி அரிவாளால் வெட்ட வந்தான், தற்காப்புக்குச் சுட்டோம் என்று போலீஸ் சொல்வதை நம்பலாமா?
– வாசகர், நாங்குநேரி

நம்புவதா வேண்டாமா என்பதை நானும் நீங்களும் முடிவு செய்யக் கூடாது. அதற்காகத்தான் 2014-ல் உச்ச நீதிமன்றம் 16 வழிமுறைகள் கொடுத்திருக்கிறது. எஃப்ஐஆர் போட வேண்டும், சுட்ட போலீஸ் அல்லாத வேறு குழு விசாரிக்க வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணை நடக்க வேண்டும், சம்பவம் நடந்த கையோடு சுட்டவர்களுக்குப் பதவி உயர்வோ வீர விருதோ தரக் கூடாது. செய்தி வந்த அன்றே பட்டாசு வெடிப்பதும் லட்டு கொடுப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. செத்தவன் மேல் முப்பது வழக்கு இருந்தாலும் அந்த விசாரணை நடந்தாக வேண்டும்.

எங்கள் நகரில் இளைஞர்கள் சேர்ந்து ராத்திரி ரோந்து போகிறோம். வடமாநிலப் பையன்கள் சுற்றினால் நிறுத்தி ஆதார் கேட்கிறோம். குழந்தைகள் இருக்கிற இடம், இது தப்பா அண்ணாச்சி?
– வாசகர், பெருமாள்புரம்

ரோந்து தப்பில்லை. ஆதார் கேட்பது தப்பு. உங்களுக்கு அந்த அதிகாரம் யாரும் தரவில்லை.

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலம், பிரன்ஸ்விக் பக்கம், 2020 பிப்ரவரி 23. அகமது ஆர்பெரி என்ற 25 வயது கறுப்பின இளைஞர் தெருவில் ஓடிக்கொண்டிருந்தார். கட்டி முடிக்காத ஒரு வீட்டில் திருட வந்தவன் என்று நினைத்து அப்பாவும் மகனும் துப்பாக்கியோடு வண்டியில் துரத்தினார்கள், இன்னொருவர் பின்னாலேயே வண்டியில் போய் வீடியோ எடுத்தார். மறித்தார்கள், கைகலப்பு, சுட்டுவிட்டார்கள். பிடிக்கத்தான் போனோம், தற்காப்புக்குச் சுட்டோம் என்றார்கள். இரண்டு மாதத்துக்கு மேல் கைது இல்லை, வீடியோ வெளியான பிறகுதான் பிடித்தார்கள். இந்தத் தடவை ஜூரி அதை ஏற்கவில்லை, 2021 நவம்பரில் மூன்று பேரும் கொலைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பு, மூவருக்கும் ஆயுள். பொதுமக்களே ஆளைப் பிடிக்கலாம் என்று 1863-லிருந்து அங்கே இருந்த சட்டத்தையும் அந்த வருஷமே பெரும்பகுதி ரத்து செய்துவிட்டார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் புரளி ஓடிய நேரம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் கோயிலுக்கு வந்த ஒரு வயதான அம்மாவை, பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்தார் என்பதற்காக அடித்தே கொன்றார்கள். தமிழ் பேசுகிற அம்மா. அடித்தவர்களும் பிள்ளைகளைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார்கள்.

தம்பி, கங்கைகொண்டான் சிப்காட்டிலும், நீங்கள் குடியிருக்கிற வீடுகளின் கட்டட வேலையிலும், ஹோட்டல் அடுப்படியிலும் நிற்கிறவர்கள் இந்தப் பையன்கள். வேலை முடிந்து ராத்திரி பத்து மணிக்குத்தான் அவர்களுக்குத் தெரு கிடைக்கிறது. பூட்டை ஒருத்தன் ஆட்டிப் பார்க்கிறானா, சுவர் ஏறுகிறானா, அதைக் கவனியுங்கள். இந்தி பேசுகிறான் என்பது கவனிக்க வேண்டிய விஷயமே இல்லை. சந்தேகம் என்றால் 112-க்கு அடித்துவிட்டு வெளிச்சத்தில் நில்லுங்கள், பின்னால் போகாதீர்கள், கையில் கம்பும் வேண்டாம். உங்கள் கண் முன்னால் ஜாமீனில் விட முடியாத பெரிய குற்றம் நடந்தால் பொதுமக்களும் ஆளைப் பிடிக்கலாம், ஆனால் ஆறு மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும், அடிக்கவே கூடாது. இந்த வாரமே குழுவைக் கூட்டி ஆதார் கேட்பதை நிறுத்துங்கள். அந்தப் பையன்கள் தங்கியிருக்கிற இடத்துக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு நாலு பேர் பெயரைத் தெரிந்துகொண்டு வாருங்கள்.

மகள் பிரசவத்துக்காக நானும் அவளுடைய அப்பாவும் அமெரிக்கா போகிறோம். அவர் தினமும் விடியற்காலையில் நடக்கிறவர். இதையெல்லாம் படித்துப் பயமாக இருக்கிறது.
– வாசகி, அம்பாசமுத்திரம்

போகாமல் இருக்காதீர்கள் தாயீ, பேரப்பிள்ளையைப் பார்க்கிற நேரம் இது. ஆனால் உங்கள் பயம் வெறும் பயம் இல்லை. 2015 பிப்ரவரியில், அலபாமா மாநிலம் மேடிசனில், குஜராத்திலிருந்து பேரனைப் பார்க்கப் போயிருந்த 57 வயதுக்காரர் மகன் வீட்டுத் தெருவில் நடந்துகொண்டிருந்தார். யாரோ ஒரு கறுப்பு ஆள் சந்தேகமாகத் திரிகிறான் என்று அக்கம்பக்கத்தில் ஒருவர் போன் போட்டார். வந்த போலீஸ்காரர் அவரைத் தரையில் சாய்த்ததில் கழுத்து அடிபட்டு உடம்பில் ஒரு பகுதி செயலிழந்தது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அந்தப் போலீஸ்காரர் மீது இரண்டு தடவை விசாரணை நடந்தும் ஜூரி ஒருமித்த முடிவுக்கு வரவில்லை, கடைசியில் நீதிபதி விடுவித்துவிட்டார்.

அதனால் அண்ணனிடம் சொல்லுங்கள். நன்றாக விடிந்த பிறகு நடக்கட்டும், முதல் சில நாள் மகளோ மருமகனோ கூடப் போய் அக்கம்பக்கத்து ஆட்களுக்கு அறிமுகம் செய்து வைக்கட்டும். மகள் வீட்டு முகவரியும் போன் நம்பரும் ஆங்கிலத்தில் எழுதிய அட்டை சட்டைப் பையில் இருக்கட்டும். அடுத்தவர் வீட்டுப் புல்தரையில் கால் வைக்க வேண்டாம், அழகான வீடு என்று நின்று எட்டிப் பார்க்கவும் வேண்டாம். போலீஸ் நிறுத்தினால் ஓடாமல், பைக்குள் கையை விடாமல், இரண்டு கையும் வெளியே தெரிய நிற்கட்டும். ஆங்கிலம் வராது என்பதை ஆங்கிலத்திலேயே சொல்ல அந்த ஒரு வரியை மகளிடம் கேட்டுப் பழகிக்கொண்டு போகட்டும்.