துரு ஏற்றிக் கறுப்பாக்கும் முறை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: குடும்பத்தில் வழிவழியாக வந்த, உரிமம் உள்ள ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று என்னிடம் இருக்கிறது. குழலின் பழைய நீலக்கறுப்பு தேய்ந்து, பல இடங்களில் வெற்றிரும்பு தெரிகிறது. நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்து அதில் ஆணிகளைக் கரைத்துக் கரைசல் செய்யுமாறு ஒரு பழைய செய்முறையில் படித்தேன். வீட்டிலேயே செய்ய இதைவிட எளிய கரைசல் உண்டா?

பதில்: உண்டு. அந்த அமிலக் கலவையை வீட்டில் முயலாதீர்கள். அதிலிருந்து எழும் செம்பழுப்புப் புகை நுரையீரலைத் தாக்கும். பல மணி நேரம் கழித்துக்கூட மூச்சுத் திணறலை உண்டாக்கும். இரும்பு கரையும்போது எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜனும் வெளிவரலாம். பழைய தொழிலாளர்கள் அமிலத்தை நாடியதற்கு ஒரே காரணம், இரும்பின் மேல் மெல்லிய, சீரான துருவை வரவழைக்க அது உதவியது என்பதுதான். அந்த வேலையை மென்மையான பொருள்களாலும் செய்துகொள்ளலாம்.

இம்முறையில் கரைசல் இரும்புக்கு நிறம் கொடுப்பதில்லை. துருவை மட்டுமே கொடுக்கிறது. செந்துரு படிந்த இரும்பைக் கொதிநீரில் இட்டால், அந்தத் துரு மேக்னடைட் எனப்படும் கறுப்பு ஆக்சைடாக மாறுகிறது. செந்துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்து அடியிலுள்ள இரும்பையும் தின்றுகொண்டே போகும். மேக்னடைட் இரும்போடு ஒட்டி நிற்கும், தன் நுண்துளைகளில் எண்ணெயையும் பிடித்து வைத்துக்கொள்ளும். துரு ஏற்றுவது, கொதிக்க வைப்பது, உதிர்வதைத் துடைப்பது என்ற சுற்றைத் திரும்பத் திரும்பச் செய்யும்போதுதான் நீங்கள் தேடும் ஆழ்ந்த கறுப்பு படிப்படியாக வந்து சேரும்.

மருந்துக் கடைகளில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு அரை லிட்டர், வெள்ளை வினிகர் 60 மில்லிலிட்டர், சாதாரண உப்பு ஒரு தேக்கரண்டி ஆகியவற்றைக் கலந்தால் போதும். பெராக்சைடு ஆக்சிஜனைத் தருகிறது, வினிகர் அமிலத்தன்மையைத் தருகிறது, உப்பிலுள்ள குளோரைடு இரும்பின் காப்புப் படலத்தை உடைத்துத் துரு தொடங்க வழிவிடுகிறது. கலந்த பின் இதன் வீரியம் விரைவில் குறைந்துவிடும் என்பதால், அன்றைய வேலைக்குத் தேவையான அளவு மட்டும் கலந்துகொள்ளுங்கள். ஆக்சிஜன் வெளிவந்து அழுத்தம் கூடும் என்பதால் புட்டியில் இறுக மூடி வைக்கவே கூடாது. காற்றோட்டமான இடமும் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். சலவைக்கான பிளீச்சிங் திரவம் எதையும் இதனருகே கொண்டுவராதீர்கள்.

இக்கரைசலுக்கு ஒரு குறையும் உண்டு. அது சில நிமிடங்களிலேயே துருவை வரவழைத்துவிடும். அவசரமாக வரும் துரு பெரும்பாலும் சொரசொரப்பாக இருக்கும். தயாராக விற்கப்படும் மெதுவான கரைசல்கள் பல மணி நேரம் எடுத்துக்கொண்டு நுண்மையான துருவைத் தருகின்றன. ஆகவே, குடும்ப மதிப்புள்ள குழலைத் தொடும் முன் ஒரு பழைய இரும்புத் துண்டில் முழுச் செயல்முறையையும் செய்து பாருங்கள். அதில் மேற்பரப்பு கரடாக வந்தால் உப்பைப் பாதியாகக் குறையுங்கள்.

வேலையைத் தொடங்குமுன் துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை உறுதி செய்து, குழலைத் தனியே கழற்றிக்கொள்ளுங்கள். எமரித் தாளால் படிப்படியாகத் தேய்த்து 320 அல்லது 400 எண் அளவில் நிறுத்திவிடுங்கள். கண்ணாடிபோல் மெருகேற்றிய பரப்பில் துரு சீராகப் பிடிக்காது. வரிசை எண்ணும் முத்திரைகளும் உள்ள இடத்தில் தேய்க்க வேண்டாம். அவை அழிந்தால் சட்டச் சிக்கலும் சேர்ந்து வரும். பிறகு அசிட்டோனால் எண்ணெய்ப் பசையை நீக்குங்கள். குழலின் இரு முனைகளையும் மரக்கட்டைச் செருகால் அடைத்தால் உட்புறம் துருவேறாது. ஆனால் கொதிக்கும்போது உள்ளே அடைபட்ட காற்று விரிந்து செருகைப் பிடுங்கி எறியக்கூடும் என்பதால், முனைகள் யாருடைய முகத்துக்கும் நேராக இருக்கக் கூடாது.

பஞ்சைக் கரைசலில் நனைத்து, ஏறக்குறைய உலர்ந்துபோகும் அளவுக்குப் பிழிந்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே இழுப்பில் தடவுங்கள். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். ஈரம் சொட்டினால் கோடு விழும். விழுந்த கோடு அடுத்தடுத்த சுற்றுகளிலும் தெரியும். மென்மையான செம்பழுப்புத் தூள்போல் துரு படர்ந்ததும், குழல் முழுதும் மூழ்கும் நீளமான தொட்டியில், காய்ச்சி வடித்த நீரை நன்கு கொதிக்கவிட்டு 10 முதல் 20 நிமிடம் வைத்திருங்கள். செம்மை கறுப்பாக மாறுவதைக் கண்ணாலேயே காணலாம். வெளியே எடுத்து, 0000 எண் எஃகுக் கம்பளியால் அழுத்தாமல் தடவினால் கரிபோன்ற தூள் உதிரும்; அதன் கீழே ஒட்டி நிற்பதே உங்கள் பூச்சு. எஃகுக் கம்பளியும் எண்ணெய் தடவியே விற்கப்படுகிறது என்பதால், அதையும் முன்கூட்டியே அசிட்டோனில் அலசிக்கொள்ள வேண்டும்.

முதல் சுற்று முடிந்ததும் திட்டுத்திட்டான சாம்பல் நிறமே தெரியும். அதைக் கண்டு தோற்றுவிட்டதாக எண்ணித் தேய்த்தெடுத்துவிடாதீர்கள். ஐந்து முதல் எட்டுச் சுற்றுகள் தேவைப்படும். நிறம் மேலும் ஆழமாவது நின்றதும், குளோரைடு தங்காதபடி புதிய நீரில் மீண்டும் கொதிக்க வைத்து, சூடு ஆறுவதற்குள் தாராளமாக எண்ணெய் பூசி ஓரிரவு விட்டுவிடுங்கள். இந்தக் கடைசிக் கழுவலைத் தவிர்த்தால் சில வாரங்களில் எண்ணெய்க்கு அடியிலிருந்தே செந்துரு எட்டிப் பார்க்கும்.

கேள்வி: நான்காம் சுற்றுவரை ஒழுங்காக வந்த பரப்பில் திடீரென வெளிறிய புள்ளிகளும் விரல் அளவுத் திட்டு ஒன்றும் தோன்றின. கரைசல் கெட்டுவிட்டதா?

பதில்: கரைசலின் மேல் பழி போட வேண்டாம். விரல் அளவுத் திட்டு விரல் பட்டதால் வந்ததுதான்; தோலிலுள்ள எண்ணெய் துருவைத் தடுத்துவிடும். சுற்றுகளுக்கு இடையே புதிய பருத்திக் கையுறையோடு, மரச்செருகை மட்டுமே பிடித்துக் குழலைத் தூக்குங்கள். புள்ளிகள் பெரும்பாலும் நீரிலிருந்து வருபவை; குழாய்நீரிலும் கிணற்று நீரிலும் கரைந்திருக்கும் தாதுக்கள், துளி உலர்ந்த இடத்தில் படிந்துவிடுகின்றன. தொட்டியில் மிதக்கும் எண்ணெய்ப் படலமும் இதே தொல்லையைத் தரும். அவ்விடங்களை மட்டும் அசிட்டோனால் துடைத்துவிட்டு மேலும் இரண்டு சுற்றுகள் செய்தால் பெரும்பாலும் சமமாகிவிடும்.

கேள்வி: இரட்டைக்குழல் துப்பாக்கியைக் காஸ்டிக் சோடா உப்புத் தொட்டியில் இட்டு விரைவாகக் கறுப்பாக்கித் தருவதாக ஒரு பட்டறைக்காரர் கூறுகிறார். கொடுக்கலாமா?

பதில்: இரு குழல்களையும் இணைக்கும் பட்டை ஈயப்பற்றால் ஒட்டப்பட்டிருந்தால் கொடுக்காதீர்கள். அந்தத் தொட்டி ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸில் இயங்குகிறது. பற்று உருகும் அளவுக்கு அது சூடில்லை என்றாலும், காரம் பற்றிலுள்ள ஈயத்தையும் வெள்ளீயத்தையும் அரித்து இணைப்பைத் தளர்த்திவிடும். இடுக்குகளில் தங்கும் உப்பு, பின்னாளில் உள்ளிருந்து அரிக்கும். துரு முறையில் வெப்பம் கொதிநீரின் 100 டிகிரியைத் தாண்டுவதில்லை, காரமும் இல்லை. இத்தகைய துப்பாக்கிகளுக்கு நான் பரிந்துரைப்பது துரு முறையை மட்டுமே.

கேள்வி: துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளையும் இதே கரைசலால் கறுப்பாக்கலாமா?

பதில்: முடியாது. அதிலுள்ள குரோமியம் துருவைத் தடுக்கிறது. துரு இல்லையேல் மேக்னடைட்டும் இல்லை. அலுமினியத்துக்கும் பித்தளைக்கும் இதே பதில்தான்.

கேள்வி: பழைய பட்டறை ஒன்றிலிருந்து பாதரசக் குளோரைடு சேர்த்த கரைசல் ஒரு புட்டி கிடைத்தது. அது மிகச் சிறந்த நிறம் தரும் என்கிறார்கள். பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். பழைய செய்முறைகளில் அந்தப் பொருள் இருந்தது உண்மைதான். அது தோல் வழியாகவும் உடலுக்குள் சென்று சிறுநீரகத்தைக் கெடுக்கும் கொடிய நஞ்சு. கொதிக்கும் தொட்டியின் ஆவியோடு சேர்த்து அதைக் கையாள்வது உங்களுக்கும் வீட்டிலுள்ளவர்களுக்கும் ஆபத்து. சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றவும் கூடாது. புட்டியைத் திறக்காமல், பெயர் எழுதி ஒட்டி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைத்து, அபாயகரமான கழிவுகளைப் பெற்றுக்கொள்ளும் அலுவலகத்திடம் ஒப்படையுங்கள்.