தைராய்டு உள்ளவர்கள் தினமும் சீந்தில் கஷாயம் குடிக்கலாமா?

அம்மா தைராய்டு குறைவுக்கு மாத்திரை எடுக்கிறார், எதிர்ப்புச் சக்திக்காகத் தினமும் காலையில் சீந்தில் கொடியின் கஷாயமும் குடிக்கிறார், பக்க விளைவு வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் கஷாயத்தை நிறுத்தச் சொல்லுங்கள்.

2020 கடைசியில், கொரோனா பயத்தில் எல்லோரும் கஷாயம் குடித்துக்கொண்டிருந்தபோது, மும்பையில் 6 பேர் மஞ்சள் காமாலையோடு மருத்துவர்களிடம் வந்தார்கள். எல்லோரும் சீந்தில் எடுத்தவர்கள். அவர்களில் ஒருவர் இறந்துபோனார். 2022இல் பல ஊர் மருத்துவமனைகள் சேர்ந்து இப்படி 43 பேரைப் பற்றி எழுதின. எதிர்ப்புச் சக்தி நம் கல்லீரலையே தாக்கும் நோய் போலத்தான் பலருக்கும் இருந்தது. தைராய்டு குறைவுக்கும் பெரும்பாலும் அதே எதிர்ப்புச் சக்தியின் கோளாறுதான் காரணம். அம்மாவை நினைத்து நான் பயப்படுவது இதனால்தான்.

சித்தா, ஆயுர்வேதம் போன்ற மருத்துவ முறைகளைக் கவனிக்கும் மத்திய அரசின் ஆயுஷ் அமைச்சகம் இதை ஏற்கவில்லை. சீந்தில் பாதுகாப்பானது, வேறு வகைக் கொடி கலந்திருக்கலாம் என்றது. இருக்கட்டும். பொடியாக அரைத்து டப்பாவில் வந்தபிறகு அது எந்தக் கொடி என்று வாங்குகிற நாம் எப்படிக் கண்டுபிடிப்பது?

"பாட்டி காலத்திலிருந்து குடிக்கிறோமே" என்பார்கள். எங்கள் பக்கம் வேம்பில் ஏறிய சீந்தில்தான் உசத்தி. விரல் பருமன் தண்டை வெட்டி, காகிதம் மாதிரி உரியும் மேல்தோலைச் சுரண்டிவிட்டு, நசுக்கிக் கொதிக்கவைத்துக் காய்ச்சல்காரருக்குக் கொடுப்பார்கள். காய்ச்சல் விட்டால் கஷாயமும் நின்றுவிடும். நோயில்லாத ஆள் மாதக்கணக்கில் தினம் குடிப்பது பாட்டி செய்த வைத்தியமே இல்லை. எனக்குச் சித்த மருத்துவத்தின் மேல் நிறைய மரியாதை உண்டு. படித்த சித்த மருத்துவர் நாடி பார்த்து, அளவும் நாளும் சொல்லித் தருவது வேறு. வாட்ஸ்அப் பார்த்துக் குடிப்பது வேறு.

அப்புறம், சீந்தில் ரத்தச் சர்க்கரையையும் குறைக்கக்கூடியது. அம்மா சர்க்கரை மாத்திரையும் போடுகிறார் என்றால் தாழ்சர்க்கரை வரலாம். எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் என்பதால், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் இதைத் தொடவே கூடாது.

பசியின்மை, குமட்டல், உடம்பு அரிப்பு, சிறுநீர் அடர் மஞ்சளாகப் போவது, கண் மஞ்சளாவது, இதில் எது தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஒருமுறை கல்லீரல் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் எல்எஃப்டி ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள். போகும்போது கஷாயப் பொடி டப்பாவையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். "மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா" என்று கேட்டால் நம் வீட்டுப் பெரியவர்கள் கஷாயத்தைக் கணக்கில் சேர்க்கவே மாட்டார்கள்.