சார்ஜரைக் கழற்றியதும் லேப்டாப் ஏன் மங்குகிறது, வேகமும் ஏன் குறைகிறது?

லேப்டாப்பில் மின்சார அமைப்புகள் இரண்டு தொகுப்பாக இருக்கும்: சார்ஜர் செருகியிருக்கும்போது ஒன்று, பேட்டரியில் ஓடும்போது இன்னொன்று. சார்ஜரைக் கழற்றியதும் விண்டோஸ் தானாகவே இரண்டாவதற்கு மாறிவிடும்.

குழாயில் தண்ணீர் வரும்போது வாளி வாளியாகப் பிடித்துத் துவைப்போம். நின்றுவிட்டால் குடத்தில் இருப்பதை அளந்துதான் எடுப்போம். பேட்டரி அந்தக் குடம்.

மிச்சம் பிடிப்பது எங்கே? முதலில் திரை. சாதாரண வேலையில் மின்சாரத்தை அதிகம் தின்பவற்றில் அதுவும் ஒன்று. அடுத்தது பிராசசர், சுவாரசியமே இங்கேதான். அதன் மின்செலவு மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அழுத்தம் 10 சதவீதம் குறைந்தாலே செலவு ஏறக்குறைய 19 சதவீதம் குறைந்துவிடும். ஆனால் வேகத்தைக் குறைத்தால்தான் அழுத்தத்தையும் குறைக்க முடியும். அதனால் கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுத்தால் கூடுதலாக நல்ல நேரம் கிடைக்கிறது.

மாற்ற வேண்டுமா? விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், அப்புறம் பவர் அண்ட் பேட்டரி. திரை எத்தனை நிமிடத்தில் அணைய வேண்டும் என்று இரண்டுக்கும் தனித்தனியாகச் சொல்லலாம். பேட்டரிக்கு 3 நிமிடம், சார்ஜருக்கு 10 நிமிடம் என்று வைப்பது பெரும்பாலானவர்களுக்குச் சரியாக இருக்கும்.

சார்ஜரைக் கழற்றியதும் வேகம் குறைந்தால் பேட்டரி போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது பெரும்பாலும் இந்த அமைப்பின் வேலைதான், புதுப் பேட்டரி வாங்கும் முன் அதே பக்கத்தில் இருக்கும் பவர் மோடை (வேகமா, மின்சார மிச்சமா என்று தேர்ந்தெடுக்கும் அமைப்பு) மாற்றிப் பாருங்கள்.