பழைய 486-இல் நெட்வேர்க் கார்ட் பூட்டியதும் மவுஸ் நிற்கிறது, சத்தமும் சிக்குகிறது: எங்கே தொடங்குவது?

உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். அப்பா பாவித்த 486 கம்பியூட்டர், டொஸ் 6.22 என்ற பழைய இயங்குதளம், கொம் 2 என்ற சீரியல் போர்ட்டில் மவுஸ். எல்லாம் ஒழுங்காக ஓடியிருக்கிறது. பிறகு ஒரு பழைய நெட்வேர்க் கார்டையும் சவுண்ட் பிளாஸ்டர் 16 என்ற சவுண்ட் கார்ட் ஒன்றையும் ஒரே நாளில் பூட்டியிருக்கிறீர்கள். இப்போது நெட்வேர்க் டிரைவர் ஏறியதும் மவுஸ் அசையாது. கேம் தொடங்கினால் முதல் அரை வினாடிச் சத்தமே திரும்பத் திரும்பக் கேட்டு மெஷின் உறைந்துவிடுகிறது. மதர்போர்ட் போய்விட்டதா என்று கேட்கிறீர்கள்.

இல்லைத் தம்பி, அதை எறிந்துவிடாதீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் இரண்டு தனித்தனிப் பிழைகள் இருக்கின்றன, இரண்டுமே கார்டுகளுக்குக் கொடுத்த எண்களில் உள்ள பிழைகள்.

கொழும்பில் இருபது வருடத்துக்கு மேல் இந்த மெஷின்களைத் திருத்தியவன் என்ற முறையில் ஒரு சம்பவம் சொல்கிறேன். 1997-இல் செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடை. பில் போடும் 486-இன் கொம் 2-இல் மின்தராசு. நகையைத் தட்டில் வைத்தால் நிறை திரையில் வரும். பின்னறையில் இருந்த இன்னொரு மெஷினோடு இணைக்கச் சொன்னார்கள், நெட்வேர்க் கார்டைப் பூட்டிவிட்டு வந்தேன். அடுத்த நாள் காலை நிறை வரவில்லை. தராசின் கேபிளை மாற்றினேன். வேறு தராசு கொண்டுவந்து பார்த்தேன். சீரியல் போர்ட் இருந்த கார்டையும் மாற்றினேன். இரண்டு நாள் போனது. கடைசியில் கடையின் கணக்கப்பிள்ளை ஐயா பக்கத்தில் வந்து நின்று, "தம்பி, முந்தாநாள் வரைக்கும் நிறை வந்ததே. அதுக்குப் பிறகு நீங்க புதுசா எதைப் பூட்டினீங்க?" என்று கேட்டார். நெட்வேர்க் கார்டைக் கழற்றினேன். நிறை வந்தது.

காரணம் இதுதான். ஒவ்வொரு கார்டும் 'எனக்கு வேலை இருக்கிறது' என்று பிரொசெசரைக் கூப்பிட ஒரு கம்பி வேண்டும். அதுதான் ஐஆர்க்யூ. 1981-இல் வந்த முதல் ஐபிஎம் பீசியில் எட்டு இருந்தன. 1984-இல் ஐபிஎம் கொண்டுவந்த ஏடி மெஷினில் பதினாறு ஆக்கினார்கள். அதில் 2-ஆம் எண் இரண்டாவது சிப்பை இணைக்கப் போய்விடுகிறது. டைமர், கீபோர்ட், ஃப்ளொப்பி, ஹார்ட் டிஸ்க் எடுத்தது போக மிச்சம் கொஞ்சம்தான். கொம் 1-க்கு 4, கொம் 2-க்கு 3. என்இ2000 வகை நெட்வேர்க் கார்டுகள் பெரும்பாலும் வரும்போதே 3-இல் வருகின்றன. ஐஎஸ்ஏ (இந்தப் பழைய கார்டுகளைச் செருகும் ஸ்லொட் வகை) கம்பி ஒன்றை இரண்டு கார்ட் பங்குபோட முடியாது: சிக்னல் கீழிருந்து மேலே எழும் அந்தக் கணத்தைத்தான் மெஷின் கவனிக்கிறது, ஒரு கார்ட் ஏற்கெனவே மேலே பிடித்திருந்தால் மற்றது கூப்பிடுவது கேட்காது. டொஸ் இதில் நடுவராக நிற்பதில்லை. யாருக்கு எந்த எண் என்று பிரித்துக்கொடுக்க வேண்டியவர் நீங்கள்தான்.

ஆகவே முதலில் மவுஸைக் கழற்றி கொம் 1-இல் செருகிப் பாருங்கள். நெட்வேர்க் டிரைவர் ஏறிய பிறகும் அசைந்தால் காரணம் உறுதி. கொம் 4-க்கு மாற்றி நேரத்தை வீணாக்க வேண்டாம், அதுவும் 3-ஐத்தான் பிடிக்கும். நிரந்தரத் தீர்வு நெட்வேர்க் கார்டை 10-க்கு நகர்த்துவது. 10-க்கான தொடர்பு நீளமான 16-பிட் ஸ்லொட்டில் மட்டும்தான் உண்டு. கார்டில் ரியல்டெக் 8019 சிப் இருந்தால் ஜம்பர் தேவையில்லை, ஆர்செட்8019 என்ற புரோகிராமால் மாற்றலாம். ஆனால் எந்த டிரைவரும் ஏறாத நிலையில்தான் அதை ஓட்ட வேண்டும். 'ஸ்டார்டிங் எம்எஸ்-டொஸ்' என்று வரும்போது எஃப்5 அழுத்தினால் டிரைவர் எதுவும் ஏறாது. எஃப்8 அழுத்தினால் ஒவ்வொரு வரியாகக் கேட்டுக் கேட்டு ஏற்றும், மெஷின் எந்த வரியில் உறைகிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

நெட்வேர்க் கார்டின் முகவரியை (பிரொசெசர் அந்தக் கார்டோடு பேசும் இடத்தின் எண்) 300-லேயே விடுங்கள். இந்த முகவரிகள் பதினாறடி எண்கள், 9-க்குப் பிறகு ஏ முதல் எஃப் வரை வரும். அந்தக் கார்ட் 32 இடம் எடுக்கும். 320-இல் வைத்தால் 33எஃப் வரை போய்ச் சவுண்ட் கார்டின் மிடி (இசைத் தரவு) முகவரியான 330-இல் ஏறிவிடும். 360-இல் வைத்தால் பிரிண்டர் போர்ட்டின் 378-ஐ மிதிக்கும்.

கார்டில் எண்ணை மாற்றினால் போதாது, டிரைவருக்கும் சொல்ல வேண்டும். செட்டியார் தெருவில் எனக்கு இன்னொரு மணித்தியாலம் போனது இதில்தான். கார்டின் ஜம்பரை 5-க்கு மாற்றிவிட்டேன் (அந்தக் கடை மெஷினில் சவுண்ட் கார்ட் இல்லை, 5 சும்மா இருந்தது), ஆனால் டிரைவர் படிக்கும் நெட்.சிஎஃப்ஜி என்ற ஃபைலில் பழைய 3 அப்படியே இருந்தது. டிரைவர் போய் 3-ஐப் பிடித்துக்கொண்டது. நெட்வேர்க்கும் இல்லை, நிறையும் இல்லை. அந்த ஒரு எண்ணைத் திருத்தியதும் இரண்டும் வந்தன.

உங்கள் சத்தப் பிரச்சினையும் இதே வகை. சவுண்ட் கார்டில் எந்த எண் பிழை என்பதைக் காதாலேயே பிடிக்கலாம். முகவரி பிழை என்றால் கேம் கார்டையே காணாது. டிஎம்ஏ (பிரொசெசரைத் தொடாமல் கார்டுக்கும் நினைவகத்துக்கும் இடையே தரவு போகும் வழி) பிழை என்றால் அமைதி, அல்லது வெறும் இரைச்சல். ஐஆர்க்யூ பிழை என்றால் முதல் துண்டு ஒலிக்கும், அது முடிந்தது என்ற செய்தி வந்து சேராது, அதனால் அதே துண்டு சுற்றிக்கொண்டே இருக்கும். நீங்கள் எழுதியது மூன்றாவது. மெஷின் தொடங்கும்போது ஓடும் ஓட்டோஎக்ஸெக்.பேட் ஃபைலில் உள்ள பிளாஸ்டர் வரியில் ஏ220 ஐ5 டி1 எச்5 என்று இருக்கிறதா பாருங்கள் (ஏ முகவரி, ஐ ஐஆர்க்யூ, டி, எச் இரண்டும் டிஎம்ஏ). அந்த வரி கார்டின் எண்ணை மாற்றாது, கார்ட் எப்படி இருக்கிறது என்று கேமுக்குச் சொல்வது மட்டும்தான். வரியில் ஐ5, கார்டில் 7 என்று இருந்தால் உங்களுக்கு நடப்பதுதான் நடக்கும். ஜம்பர் உள்ள மாடலானால் ஜம்பரைப் பாருங்கள், இல்லாவிட்டால் கார்டோடு வந்த டயக்னோஸ் புரோகிராமை ஓட்டுங்கள்.

டொஸோடு வரும் எம்எஸ்டி என்ற சோதனைப் புரோகிராம் காட்டும் ஐஆர்க்யூ பட்டியலை முழுதாக நம்ப வேண்டாம். டிரைவர் ஏறாமல் சும்மா இருக்கும் கார்ட் அதில் தெரியாது. நான் நம்புவது தாளை. அன்று அந்தக் கணக்கப்பிள்ளை ஐயா ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் நீலப் பேனையால் கோடு போட்டு, எந்தக் கார்ட், என்ன முகவரி, எந்த ஐஆர்க்யூ, எந்த டிஎம்ஏ என்று நான் சொல்லச் சொல்ல எழுதி, மூடியின் உட்பக்கத்தில் பசையால் ஒட்டினார். அன்றிலிருந்து நான் திறந்த ஒவ்வொரு மெஷினிலும் அப்படி ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். நீங்களும் இரண்டு கார்டையும் கழற்றுங்கள், தாளில் எழுதுங்கள், ஒன்றைப் பூட்டிச் சோதித்த பிறகே மற்றதைப் பூட்டுங்கள். கழற்றியிருக்கும்போதே கார்டின் பொன்நிற விளிம்பை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துவிடுங்கள். வெள்ளவத்தைப் பக்கம் கடற்காற்றில் இருந்த மெஷின்களில் அது மட்டுமே பிழையாக இருந்து நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

மதர்போர்ட்டில் நீல நிறத்தில் பீப்பாய் மாதிரி 3.6 வோல்ட் பட்டரி ஒன்று ஒட்டியிருந்தால் இந்த வேலைகளுக்கெல்லாம் முன் அதை எடுத்துவிடுங்கள். அது கசிந்தால் செப்புக் கோடுகளைத் தின்றுவிடும். பச்சையாகப் பூத்திருந்தால் வினாகிரியை பஞ்சில் தொட்டுத் துடைத்து, பிறகு அல்கஹோலால் துடைத்துக் காயவிடுங்கள். பட்டரியை எடுத்ததும் பயோஸ் ஹார்ட் டிஸ்க்கை மறந்துவிடும். எனவே எடுக்குமுன் பயோஸ் திரைக்குப் போய் சிலிண்டர், ஹெட், செக்டர் ஆகிய மூன்று எண்களையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.