சுவிச்சை நிறுத்திவிட்டால் மட்டும் போதுமா?

கேட்டிருந்த கேள்வி இது: "வாடகை வீட்டில் இருக்கிறேன். பல்ப் ஹோல்டர், பிளக், ஃபேன் ரெகுலேற்றர் மாதிரியான சின்ன வேலைக்கு மின்வேலைக்காரரைக் கூப்பிட்டால் நாள்கணக்கில் வருவதில்லை. சுவிச்சை நிறுத்திவிட்டு நானே செய்யலாம்தானே?"

செய்யலாம். ஆனால் சுவிச்சை நிறுத்தினால் மட்டும் போதாது. நானும் சுவிச்சை நிறுத்திவிட்டுத்தான் கை வைத்தேன்.

எங்கள் வீடு திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம், கடலுக்கு நடந்து போகிற தூரம். என் கணவருக்குக் கட்டாரில் வேலை. வீட்டில் மாமியும் இரண்டு பிள்ளைகளும் நானும்தான். ஒரு மார்கழி மாதம், மழை விட்ட பின்னேரம், முன் விறாந்தை பல்ப் எரியவில்லை. கழற்றப் போனால் அதன் வெள்ளைக் கூடு மட்டும் கையோடு வந்துவிட்டது. பித்தளைத் தொப்பி உப்புக்காற்றில் பச்சை பூத்து ஹோல்டருக்குள் இறுகிக் கிடந்தது, அதிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. சுவிச்சை நிறுத்தினேன். பிளாஸ்டிக் கதிரையில் ஏறி, ஒரு கையை ஈரச் சுவரில் ஊன்றிக்கொண்டு, பிடியில் றப்பர் கழன்றுபோன குறட்டால் அந்தத் தொப்பியைத் திருகினேன். அடுத்ததாக எனக்கு நினைவிருப்பது, நான் விறாந்தைத் தரையில் கிடந்ததும் மாமி என் பெயரைச் சொல்லிக் கத்தியதும்தான். வலது கை முழங்கை வரை மரத்துப்போயிருந்தது. கரண்ட் ஒரு கையால் ஏறி மற்றக் கையால் சுவருக்கு இறங்கியிருக்கிறது. நடுவில் இருப்பது நெஞ்சு.

எங்கள் ஒழுங்கையில் ஒரு பெரியப்பா இருக்கிறார். துறைமுகத்தில் பல வருடம் மின்வேலை செய்து ஓய்வு பெற்றவர். மாமி ஆள் அனுப்பி அவரைக் கூட்டி வந்தார்.

"சுவிச்ச நிப்பாட்டிப்போட்டுத்தான் ஏறினனான் பெரியப்பா."

"சுவிச்ச எந்தக் கம்பியில போட்டிருக்கெண்டு உனக்குத் தெரியுமோ பிள்ளை?"

எனக்குத் தெரியாது. அவர் சுவிச் மூடியைக் கழற்றிக் காட்டினார். வயரிங் செய்தவர் சுவிச்சை, கரண்ட் வருகிற லைவ் கம்பியில் வைக்காமல், அது திரும்பிப் போகிற நியூட்ரல் கம்பியில் வைத்திருந்தார். அப்படி வைத்தாலும் பல்ப் எரியும், அணையும், வெளியில் வித்தியாசமே தெரியாது. ஆனால் சுவிச்சை நிறுத்திய பிறகும் ஹோல்டருக்குள் 230 வோல்ட் நின்றுகொண்டே இருக்கும். இதற்கு வீட்டிலேயே பார்க்கக்கூடிய ஓர் அறிகுறி உண்டு. சுவிச்சை நிறுத்திய பின்னும் எல்.இ.டி. பல்ப் மங்கலாக மினுங்கினால், சுவிச் நியூட்ரலில் இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். வேறு காரணமும் இருக்கலாம், ஆனால் பார்க்காமல் விடாதீர்கள்.

பிறகு அவர் மீற்றருக்குப் பக்கத்தில் இருந்த, கரண்ட் கசிந்தால் தானே விழுந்து வெட்டுகிற ட்ரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை அழுத்தினார். விழவில்லை. இரண்டாம் தரம் அழுத்தினார், அசையவே இல்லை. வீடு கட்டிய நாளிலிருந்து யாரும் அதைத் தொட்டிருக்கவில்லை. என்னைக் காப்பாற்ற வேண்டிய சாமான் எப்போதோ உள்ளுக்குள் இறுகிச் செத்திருக்கிறது. கதிரையிலிருந்து தூக்கி வீசப்பட்டதால்தான் நான் பிழைத்தேன்.

இந்த ட்ரிப் சுவிச்சைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பக்கத்தில் இருக்கிற சின்ன பிரேக்கர்களே காப்பாற்றும் என்று பலர் நினைக்கிறார்கள். லைற் லைனில் 6 ஆம்பியர் பிரேக்கர் இருக்கும். அது வயர் சூடாகி எரியாமல் பார்த்துக்கொள்வதற்கானது, ஆளுக்கானது அல்ல. மனித உடலின் தடையை 1000 ஓம் என்று வைத்தால் 230 வோல்ட்டில் 0.23 ஆம்பியர் உடலால் பாயும். 6 ஆம்பியர் பிரேக்கருக்கு அது ஒரு கணக்கே இல்லை. ஆனால் 10 மில்லி ஆம்பியர் அளவிலேயே பிடித்த கையை விட முடியாமல் தசை இறுகிவிடும். 50, 100 என்று போனால் இதயம் துடிப்புத் தப்பித் துடிதுடிக்கத் தொடங்கும். ஒரு 9 வாட்ஸ் எல்.இ.டி. பல்ப் எரிவதற்கே 40 மில்லி ஆம்பியர் அளவு வேண்டும். அந்தக் குட்டி பல்புக்குப் போகிற கரண்ட் ஓர் ஆளுக்குள்ளால் போனால் உயிருக்கே ஆபத்து.

ட்ரிப் சுவிச் செய்வது, லைவில் போனதும் நியூட்ரலில் திரும்பி வந்ததும் ஒன்றா என்று ஓயாமல் ஒப்பிட்டுப் பார்ப்பது. திரும்பி வந்தது குறைந்தால், அந்தக் குறைகிற பங்கு ஆளுக்குள்ளாலோ ஈரச் சுவருக்குள்ளாலோ நிலத்துக்குப் போகிறது என்று அர்த்தம். உடனே வெட்டிவிடும். உங்கள் வீட்டு பிரேக்கர் பெட்டியில் அதன் முகத்தில் 30 மில்லி ஆம்பியர் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆங்கில 'T' எழுத்துப் போட்ட சோதனைப் பொத்தானை மாதம் ஒரு தடவை அழுத்துங்கள். நான் சம்பள நாளில் அழுத்துகிறேன், மறக்காது. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: ஒரு கையில் லைவும் மறு கையில் நியூட்ரலுமாகப் பிடித்தால் ட்ரிப் சுவிச்சுக்கு ஆள் யார், பல்ப் எது என்று தெரியாது. அதுவும் விழாது.

எங்கள் கரையோரத்துக்கு இன்னொரு சிக்கல் உண்டு. உப்புவெளி, நிலாவெளிப் பக்கமெல்லாம் மணல். கச்சான் என்கிற வறண்ட காற்று அடிக்கிற மாதங்களில் மேல்மணல் காய்ந்துபோய், கசிகிற கரண்டை மண்ணுக்கு இறக்க நிலத்தில் அடித்து வைத்த ஏர்த் கம்பியின் தடை ஏறிவிடும். தடை 20 ஓம் என்று வைத்தால், தண்ணி மோட்டாரின் உடம்பில் லைவ் முட்டினாலும் ஏர்த் வழியாக 11.5 ஆம்பியர்தான் போகும். 16 ஆம்பியர் பிரேக்கர் விழாமல் பேசாமல் இருக்கும், மோட்டாரின் இரும்பில் கரண்ட் நிற்கும். கிணற்றடியில் வெறுங்காலோடு, நனைந்த கையோடு போய்த் தொடுகிற ஆள் பிள்ளையாகவும் இருக்கலாம். ட்ரிப் சுவிச் இல்லாத வீட்டில் தண்ணி மோட்டாரைத் தொடாதீர்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

இனி வேலைக்கு வருவோம். பெரியப்பா எனக்குப் பழக்கிய ஒழுங்கு இது. மெயின் சுவிச்சை நிறுத்தப் போகுமுன் ரெஸ்டரை (கரண்ட் பட்டால் உள்ளே சிவப்பாக எரிகிற ஸ்குரூ ட்ரைவர்) எடுத்து, கரண்ட் இருக்கிறது என்று தெரிந்த ஒரு பிளக் பொயின்ற்றில் வைத்துப் பார்க்க வேண்டும், எரிகிறதா என்று. பிறகு மெயினை நிறுத்தி, வேலை செய்யப்போகிற இடத்தில் எல்லாக் கம்பியிலும் வைத்துப் பார்க்க வேண்டும். கடைசியாக, கம்பியில் கை வைக்குமுன், மெயினைத் திரும்பப் போட்டு முதல் பொயின்ற்றில் இன்னொரு தரம் பார்த்து, மறுபடி மெயினை நிறுத்திவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். ரெஸ்டர் பழுதாகியிருந்தால் அதுவும் எரியாது, நீங்கள் கரண்ட் இல்லை என்று நம்பிவிடுவீர்கள். எனவே இடையில் சந்தேகம் வந்தால் மெயினைப் போட்டு ரெஸ்டரைச் சோதித்துவிட்டு மறுபடி நிறுத்துங்கள், அலுப்புப் பார்க்காதீர்கள். விறாந்தை வெயிலில் அந்தச் சிவப்பு வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது, கையால் மறைத்துப் பாருங்கள். காய்ந்த பலகை மேலோ பிளாஸ்டிக் கதிரையிலோ நின்றால் இன்னும் மங்கும். முடிந்தால் வோல்ட்டை அளந்து காட்டுகிற மல்டிமீற்றர் ஒன்று வாங்கிவிடுங்கள். பொயின்ற்றின் இரண்டு ஓட்டையிலும் ரெஸ்டர் எரிந்தால் எங்கோ நியூட்ரல் அறுந்திருக்கிறது. அதோடு உங்கள் வேலை முடிந்தது, தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

மெயினை நிறுத்தியபின் பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள். வீட்டில் யாராவது "கரண்ட் இல்லையே" என்று தூக்கிவிடுவார்கள். எங்கள் வீட்டில் நான் வேலை செய்யும்போது பெட்டிக்குப் பக்கத்தில் மகள் கதிரை போட்டு இருப்பாள்.

கரண்ட் வெட்டு நேரத்தில் வேலை செய்வதுதான் இங்கே பலர் செய்கிற பிழை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வெட்டினார்களே, அந்த நாட்களில் பக்கத்து வீட்டுத் தம்பி, "கரண்ட் இல்லைத்தானே" என்று மெயினை நிறுத்தாமல் பிளக் பொயின்ற்றைக் கழற்றினான். அட்டவணையில் போட்டிருந்த நேரத்துக்கு முன்னமே கரண்ட் வந்துவிட்டது. ஸ்குரூ ட்ரைவரின் நுனி உருகிப்போனது. அவனுடைய பெருவிரலில் கறுத்த தழும்பு இன்னும் இருக்கிறது. அந்த வெட்டுகளுக்குப் பிறகு பலர் இன்வேட்டரும் பற்றரியும் வாங்கி வைத்திருக்கிறார்கள். அந்த வீடுகளில் மெயினை நிறுத்தினாலும் சில லைன்களில் கரண்ட் இருக்கும், இன்வேட்டரையும் தனியே நிறுத்த வேண்டும். 2020 டிசம்பரில் புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை ஏறிய மாதிரி ஒரு நாள் வந்து, யாராவது ஜெனரேற்றரை வீட்டு பிளக் பொயின்ற்றில் செருகினால், அந்தக் கரண்ட் தெரு லைனுக்கு ஏறி, கம்பத்தில் நிற்கிற தொழிலாளியைக் கொல்லும். தயவுசெய்து யாரையும் செய்ய விடாதீர்கள்.

பிளக் மாற்றுவது பயப்படாமல் செய்யக்கூடிய வேலை. 13 ஆம்பியர் பிளக்கைத் திறந்து, ஏர்த் முள் மேலே இருக்கப் பிடித்தால், பியூஸ் இருக்கிற வலப்பக்கம் பழுப்பு, இடப்பக்கம் நீலம், மேலே பச்சை-மஞ்சள். பழைய வயராக இருந்தால் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல், பச்சை ஏர்த். பெரியப்பா ஏர்த் கம்பியை மற்ற இரண்டையும் விடக் கொஞ்சம் நீளமாக விட்டு வெட்டச் சொன்னார். யாராவது வயரைப் பிடித்து இழுத்தால் லைவ் முதலில் கழன்று ஏர்த் கடைசியில்தான் கழல வேண்டும். வயரின் வெளித்தோல் பிளக்குக்குள் உள்ள பிடிப்பானுக்குள் போய் இறுக வேண்டும், உள்கம்பிகள் வெளியே தெரியக்கூடாது. மேசை விளக்கு, ஃபேன் போன்றவற்றுக்கு 3 ஆம்பியர் பியூஸ், கேத்திலுக்கும் ஸ்திரிக்கைப் பெட்டிக்கும் 13. பியூஸுக்குப் பதிலாக சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றியிருப்பதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். ஏர்த் ஓட்டையில் பேனா மூடியைக் குத்தி இரண்டு முள் சார்ஜரைச் செருகுவதும் அதே வகைதான். அப்படிச் செருகியது சரியாக இறுகாது, தொடுகை சூடேறி பொயின்ற் பழுப்பாகும். பிள்ளைகள் அதைப் பார்த்து, கையில் கிடைக்கிற எதையும் குத்தப் பழகுவார்கள்.

ரெகுலேற்றரும் ஹோல்டரும் மேலே சொன்ன சோதனைக்குப் பிறகு லேசான வேலை. கழற்றுமுன் கம்பி இருந்த விதத்தைத் தொலைபேசியில் படம் எடுங்கள். கம்பியின் நுனி பச்சை பிடித்திருந்தால் வெட்டி, புதுச் செம்பு தெரியச் சீவிப் பூட்டுங்கள். சீலிங் ஃபேனைத் திறந்தால் கப்பாசிற்றர் கரண்டைச் சேமித்து வைத்திருக்கும். அடி சின்னதுதான், ஆனால் ஏணியில் நிற்பவரை விழுத்தப் போதும். மைக்ரோவேவ் அடுப்பின் மூடியைக் கழற்றவே வேண்டாம். மீற்றர், சீல், கம்பத்திலிருந்து வருகிற வயர், பிரேக்கர் பெட்டியின் உள்பக்கம், ஏர்த் கம்பி ஆகியவையும் உங்கள் வேலை அல்ல. மீற்றர் பக்கத்தில் தீப்பொறி கண்டால் மின்சார சபையின் 1987-க்கு எடுங்கள்.

தனியாக இருக்கும்போது செய்யாதீர்கள். கூட இருப்பவருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: எனக்கு அடித்தால் என்னைப் பிடிக்காதே, ஓடிப்போய் மெயினை நிறுத்து. நிறுத்த முடியாவிட்டால் காய்ந்த தும்புத்தடிப் பிடியால் தள்ளு. மூச்சு இல்லாவிட்டால் ஆம்புலன்சுக்கு 1990-இல் எடுத்துவிட்டு, நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அழுத்து. எங்கள் மாமிக்கு 68 வயது, அவருக்கும் இதைப் பழக்கியிருக்கிறேன். அடிபட்டவர் எழுந்து நன்றாகக் கதைத்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போய் இதயத் துடிப்பைப் பதிந்து பார்க்க வேண்டும். நான் அன்று போகவில்லை, போயிருக்க வேண்டும்.

உங்களுடையது வாடகை வீடு என்கிறீர்கள். இன்றைக்கே பெட்டியைத் திறந்து ட்ரிப் சுவிச் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பொத்தானை அழுத்துங்கள். விழாவிட்டால் வீட்டுக்காரருக்குச் சொல்லி மாற்றும்வரை ஹோல்டரைத் தொட வேண்டாம், நாலு நாள் மேசை விளக்கோடு சமாளிக்கலாம். அழுத்திப் பார்த்துவிட்டு விழுந்ததா இல்லையா என்று இங்கே கீழே எழுதுங்கள், நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.