சுரங்கமே இல்லாத சிங்கப்பூரில் வைரம் பட்டை தீட்டும் தொழிலும் வியாபாரமும் வளர வாய்ப்பு உண்டா?

வியாபாரம் ஓரளவு நடக்கும், இப்போதே நடக்கிறது. பட்டை தீட்டுவது நடக்காது என்றே நினைக்கிறேன்.

சுரங்கம் இல்லாதது அதற்குக் காரணம் இல்லை. குஜராத்தின் சூரத்திலும்தான் சுரங்கம் கிடையாது. ஆனால் உலகில் தீட்டப்படும் வைரங்களில் பத்துக்கு ஒன்பது அந்த ஊர்ப் பட்டறைகளில்தான் உருவாகிறது. சிராங்கூன் சாலைக் கடைகளில் இருக்கும் தோடு, மூக்குத்திக் கற்களில் பெரும்பாலானவை அங்கிருந்து வந்தவையாகவே இருக்கும். கச்சாக் கல்லுக்கு முன்பணம் கட்ட வேண்டும். தீட்டி, விற்று, காசு கைக்கு வர மாதக்கணக்காகும். தீட்டும்போதே பாதி எடை தூளாகப் போய்விடும். ஆகவே குறைந்த கூலியும் நம்பிக் கடன் கொடுக்க ஆளும் வேண்டும். சூரத்துக்காரர்களுக்கு லட்சக்கணக்கில் தொழிலாளர்கள் இருக்கிறார்கள், மும்பையிலும், பெல்ஜியத்தின் வைர வியாபார நகரமான ஆண்ட்வெர்ப்பிலும் சொந்தபந்தங்கள் இருக்கிறார்கள். இங்கே வெளிநாட்டுத் தொழிலாளர் லெவி, வாடகை எல்லாம் கூட்டினால் ஒரு சென்ட் எடை (கேரட்டில் நூறில் ஒரு பங்கு) கல்லுக்குக் கணக்கு எப்படி ஒத்துவரும்?

போட்ஸ்வானா கதை வேறு. அங்கே மண்ணிலேயே வைரம். சுரங்கத்தில் டி பியர்ஸ் என்ற வைர நிறுவனத்தோடு அரசுக்குப் பாதிப் பங்கு. அந்தப் பிடியை வைத்துத்தான் லண்டனில் நடந்த கச்சா வைர விற்பனையை 2013-ல் தலைநகர் கபரோனேவுக்கு வரவழைத்தார்கள், பட்டறைகளையும் திறக்க வைத்தார்கள். அப்படியும் கூலி சூரத்தைவிட அதிகம், அதனால் பெரிய கற்கள்தான் அங்கே கட்டுப்படியாகிறது. நம்மிடம் அந்தப் பிடியும் இல்லை.

கைத்திறன் மட்டும் போதும் என்றால் திருச்சி எங்கேயோ போயிருக்க வேண்டும். செயற்கைக் கல் தீட்டுவதில் அந்த ஊருக்குத் தனிப் பெயர். சீன இயந்திரக் கற்கள் மலிவாக வந்தபின் பலரும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

சரி, வியாபாரம்? 2012-ல் முதலீட்டுத் தங்கத்துக்கு ஜிஎஸ்டி விலக்குக் கொடுத்தார்கள். தங்கத்தில் 99.5 சதவீதத் தூய்மை என்றால் எந்தக் கட்டியும் ஒரே சரக்கு, அதனால் விற்று வாங்குவது எளிது. வைரம் அப்படி இல்லை, ஒரு கேரட் கற்கள் இரண்டை வைத்தால் இரண்டுக்கும் இரண்டு விலை. அதையும் பங்குபோல விற்று வாங்க 2016-ல் இங்கே ஒரு சந்தையைத் தொடங்கிப் பார்த்தார்கள். துணிச்சல்தான். இப்போது ஆய்வகத்தில் வளர்த்த வைரம் வேறு விலையை இறக்கிக்கொண்டிருக்கிறது.

வேலைக்காகக் கேட்கிறீர்கள் என்றால், கல்லைத் தரம் பிரிக்கப் படியுங்கள். அப்புறம் வணிகக் கடன், காப்பீடு, சாங்கியில் 2010-ல் திறந்த ஃப்ரீபோர்ட் (விலைமதிப்புள்ள பொருட்களைப் பாதுகாக்கும் கிடங்கு) மாதிரியான பெட்டக வேலைகள். பட்டை தீட்டும் சக்கரத்தின் முன் உட்காரும் வேலை இங்கே வராது.