70 மி.மீ. டெலஸ்கோப்பில் சனிக்கோளின் வளையம் தெரியுமா?

தெரியும். ‘காசு கொடுத்து வாங்கியும் கலங்கலாக ஒரு பொட்டுதான் தெரிகிறது’ என்று கேட்டிருக்கிறீர்கள். பெட்டியில் ‘525 மடங்கு’ என்று போட்டிருந்ததை நம்பி, கண் வைத்துப் பார்க்கும் 4 மி.மீ. லென்ஸோடு, உருவத்தை இன்னும் மூன்று மடங்கு பெரிதாக்கும் ‘பார்லோ’ என்ற துணை லென்ஸையும் சேர்த்து மாட்டியிருப்பீர்கள். நானும் அதையேதான் செய்தேன். 70 மி.மீ. விட்டமுள்ள முன்பக்கக் கண்ணாடி அதிகபட்சம் 140 மடங்குதான் தாங்கும். அதற்கு மேல் கலங்கல்தான் பெரிதாகும்.

2021 ஆகஸ்டில் ஒரு வாரம் இப்படியே வீணாய்ப் போனது. வெறுத்துப்போய் 10 மி.மீ. லென்ஸை மாட்டினேன், அதாவது 70 மடங்கு. ஸ்டாண்ட் ஆடாமலிருக்க இரண்டு தண்ணீர் பாட்டிலைப் பையில் போட்டு நடுவில் தொங்கவிட்டேன். ஆட்டம் அடங்கியதும் பார்த்தால், மிளகைவிடச் சின்னதாக வெளிர்மஞ்சள் உருண்டை. இரண்டு பக்கமும் காது முளைத்த மாதிரி வளையம். உருண்டைக்கும் வளையத்துக்கும் நடுவே கறுப்பாக இடைவெளிகூடத் தெரிந்தது.

அம்மா மகர ராசி. அப்போது அவருக்கு ஜென்மச் சனி. “அதைப் போய்க் கண்ணால பாப்பாங்களாடா?” என்றவர் கடைசியில் குனிந்தார். அதற்குள் சனி நழுவியிருந்தது, பூமி சுற்றுகிறதே! மறுபடி பிடித்துக் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “இத்தனூண்டு இருந்துக்கிட்டா இந்தப் பாடு படுத்துறான்?” என்றார். ஜோதிட நம்பிக்கை உள்ளவர்கள் என்மேல் பாய வேண்டாம், அம்மா சொன்னதைத்தான் எழுதினேன். சனி ராசிக்கு இரண்டரை வருடம் தங்கும் என்பது கணக்குப்படியும் சரிதான். சூரியனைச் சுற்றிவர அதற்கு 29½ வருடம், பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள்.

பத்து அங்குல டெலஸ்கோப் வைத்திருப்பவர்கள் இதெல்லாம் பொம்மை என்பார்கள். சரி, பொம்மையாகவே இருக்கட்டும்.

ஆனால் ஒன்று, 2025 மார்ச்சில் வளையம் நமக்கு விளிம்பைக் காட்டித் திரும்பிவிட்டது. 2.8 லட்சம் கி.மீ. அகலம் இருந்தும் கனம் பெரும்பாலும் சில பத்து மீட்டர்தான் என்பதால், அப்போது கண்ணுக்கே தெரியாது. சுமார் 15 வருடத்துக்கு ஒருமுறை இப்படி ஆகும். 1612இல் கலிலியோவே இதைப் பார்த்துக் குழம்பினார். 2030 வாக்கில் நன்றாக விரிந்திருக்கும், அதுவரை டெலஸ்கோப்பை விற்றுவிடாதீர்கள்.

நான் பார்த்து நாளாகிறது. எங்கள் குடியிருப்பில் மொட்டை மாடியைப் பூட்டிவிட்டார்கள். என் பால்கனியோ வடக்குப் பார்த்தது, இப்போதைக்கு அங்கிருந்து சனி தெரியாது. மாடிக்கு ஏன் பூட்டு என்று கேட்டால் தண்ணீர்த் தொட்டிக்குப் பாதுகாப்பாம். மெயின்டனன்ஸ் மட்டும் மாதம் தவறாமல் வாங்குகிறார்கள். செக்ரட்டரி வீட்டு வடாம் எங்கே காய்கிறது என்று யாரும் கேட்பதில்லை.